எண்ணூரில் அடிபடும் பூனைக்கு வைத்தியச் செலவு யாருடையது?

எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியில் வரிசைகட்டி நிற்கும். அந்த லாரிகளுக்கு அடியில்தான் தெருப்பூனைகள் ஒதுங்குகின்றன. இன்ஜின் சூடு கிடைக்கும். டிரைவர்கள் மிச்சம் வைத்த மீன்குழம்புச் சோறும் கிடைக்கும். வரிசை நகரும்போது ஏதாவது ஒன்று சக்கரத்தில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

அடிபட்ட பூனையைப் பார்த்து பைக்கை நிறுத்துகிற இளைஞருக்கு டீக்கடை அக்கா சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, ஏதாவது ஷெல்டருக்கு போன் போடுப்பா. வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. அங்க எல்லாம் ஃப்ரீதான்."

கொண்டுபோய் விடுகிறவருக்கு ஃப்ரீ என்பது பல இடங்களில் உண்மை. ஆனால் எக்ஸ்ரேவுக்கும், மயக்க மருந்துக்கும், டிரிப்ஸ் பாட்டிலுக்கும், ராத்திரி கூண்டைக் கழுவுகிற ஊழியரின் சம்பளத்துக்கும் யாரோ காசு கொடுத்தே ஆக வேண்டும். அந்த 'யாரோ' யார், அவர் கொடுப்பது எதற்குப் போதுகிறது, எதற்குப் போதவில்லை என்பது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. எண்ணூர் போன்ற ஊரில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுற்றிலும் பெரிய பெரிய கம்பெனிகள், நடுவில் தினக்கூலிக் குடும்பங்கள், பூனைக்கு வைத்தியம் பார்க்கிற இடமோ ஊருக்கு வெகு தொலைவில்.

முதல் பில் ஆட்டோக்காரரிடம்

எண்ணூரும் கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. இன்று திருவொற்றியூர் மண்டலம். மாநகராட்சியின் முதல் மண்டலம். வார்டு எண்களும் இங்கிருந்துதான் ஆரம்பம். விலங்கு மருத்துவம் என்று வந்தால் மட்டும் இந்த மண்டலம் வரிசையின் கடைசியில் இருக்கிறது.

1959-இல் கேப்டன் வி.சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் இருப்பது கிண்டியில். பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் அடையாறில். இரண்டுமே எண்ணூரிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அதன் மருத்துவமனையில் கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம். வடக்கே கொஞ்சம் பக்கம் என்றால் மாதவரத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை. செங்குன்றம் பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் காப்பகம் ஒன்று உண்டு.

காட்டுக்குப்பத்திலிருந்தோ தாழங்குப்பத்திலிருந்தோ ஒரு பூனையை வேப்பேரிக்குக் கொண்டுபோக பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஆட்டோதான். போக, வர, காத்திருக்க என்று அரை நாள் போய்விடும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அரை நாள் என்றால் அரைக் கூலி. ஆஸ்பத்திரியில் வாங்கும் சீட்டுக் காசைவிட இந்தச் செலவு பல மடங்கு. மீன்பிடி குப்பங்களில் எலி வலையைக் கடிக்காமல் இருக்கப் பூனை வளர்க்கிற வீடுகள் நிறைய. அவர்களிடம் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்து, "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

கால்நடைத் துறையின் 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் நடமாடும் வண்டி வருமே என்று சிலர் கேட்கலாம். அந்தச் சேவை முதன்மையாக விவசாயிகளின் மாடு, ஆடுகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. லாரிக்கு அடியில் கிடக்கும் பூனை அதன் கணக்கில் இல்லை.

பில்லில் வராத செலவு

வாகனம் மோதிய பூனைக்கு வழக்கமாக என்ன ஆகும்? தாடை இரண்டாகப் பிளக்கும், இடுப்பெலும்பு உடையும், சிலவற்றுக்கு உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறிவிடும். கிழிசலுக்கு உடனே ஆபரேஷன் வேண்டும். தாடைக்குக் கம்பி கட்டி, ஆறும்வரை குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டியிருக்கும்.

இடுப்பெலும்பு முறிவு வேறு மாதிரி. பல பூனைகளுக்கு ஆபரேஷனே வேண்டாம். சின்னக் கூண்டில் ஆடாமல் அசையாமல் நாலிலிருந்து ஆறு வாரம் வைத்தால் எலும்பு தானே கூடிவிடும். மருந்துச் செலவு சொற்பம். ஆனால் அந்த ஆறு வாரமும் ஒரு கூண்டு அடைபட்டிருக்கும். தினமும் மண் தட்டை மாற்ற ஒரு ஆள், சாப்பாடு வைக்க ஒரு ஆள், சிறுநீர் கழிகிறதா என்று அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்தக் கூண்டு காலியாக இல்லாததால் அடுத்து வரும் நாலைந்து பூனைகளுக்கு இடமில்லை. இந்தச் செலவு எந்தப் பில்லிலும் வராது. 'மருந்துக்கு 800 ரூபாய்' என்று எழுதியிருக்கும் சீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று காசு கொடுத்துவிட்டுப் போகிற நல்ல மனசுக்காரருக்கும் இது தெரியாது.

காப்பகங்களை நிஜமாகவே பயமுறுத்துவது அடிபட்ட பூனை இல்லை. பார்க்க நன்றாக இருக்கிற குட்டிதான். பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் நாய்களின் பார்வோவுக்குச் சொந்தக்காரன். தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவற்றைச் சில நாட்களில் கொன்றுவிடும். வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு மசியாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். (பினாயில் ஊற்றிக் கழுவுகிறவர்கள் கவனிக்க: பினால் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கு விஷம். மனிதர்கள் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலும் அப்படித்தான், ஒரு மாத்திரைகூட ஆளையே தூக்கிவிடும்.)

இதற்கு எதிரான ஆயுதம் மிகச் சலிப்பானது. உள்ளே வருகிற ஒவ்வொரு பூனைக்கும் அன்றைக்கே முதல் ஊசி, இரண்டு வாரம் தனி அறை, தனிச் செருப்பு, தனித் துடைப்பம், தனி ஆள். குட்டிகளுக்கு நாலு மாதம் ஆகும்வரை மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஊசி. தனியார் கிளினிக்கில் இந்த ஊசி ஒன்று சுமார் ஆயிரம் ரூபாய்; இடத்துக்கு இடம் மாறும். மொத்தமாக வாங்கும் காப்பகத்துக்குக் கொஞ்சம் குறையலாம். மாதத்துக்கு 40 பூனை வருகிற இடத்தில் இது என்ன தொகை என்பதைக் கால்குலேட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். காசு இல்லாத மாதத்தில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான். ஏனென்றால் ஊசி போடாவிட்டால் இன்றைக்கு எதுவும் நடக்காது. மூன்று வாரம் கழித்துத்தான் நடக்கும்.

படம் நல்லா இருந்தா காசு வரும்

காப்பகங்களுக்கு வருகிற பணத்தில் பெரும்பங்கு தனிமனிதர்களுடையது. இன்ஸ்டாகிராமில் ஒரு படம், கீழே ஒரு கியூஆர் கோடு. ஒற்றைக் கண்ணோடு பார்க்கும் குட்டி என்றால் ஒரே ராத்திரியில் தேவைக்கு மேல் பணம் சேர்ந்துவிடும். மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் பெரிய ஆபரேஷனுக்கும் திரட்டுகிறார்கள். ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர்கள் மாதக் கடைசியிலும் 200, 500 என்று அனுப்புகிறார்கள். இந்த மனசைக் குறைசொல்ல எதுவும் இல்லை. வடசென்னையில் பல பூனைகள் நடமாடுவது இவர்கள் போட்ட காசில்தான்.

பிரச்சினை, அந்தப் பணம் ஒரு பூனையின் பெயரில் வருவது. குட்டி பிழைக்கவில்லை என்றால், "நான் அனுப்பினது என்னாச்சு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மிச்சமான தொகையைத் தடுப்பூசிக்கோ கரண்ட் பில்லுக்கோ திருப்பினால் 'ஏமாத்திட்டாங்க' என்று ஒரு கமென்ட் போதும், பத்து வருஷப் பேர் போய்விடும். அதனால் படத்துக்கு வருகிற பூனைக்கு இரண்டு ஸ்கேன் எடுக்கப்படும், படத்துக்கு வராத பூனைகளுக்கு முதல் ஊசியே தள்ளிப்போகும். காப்பகம் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பணம் வருகிற வழி அவர்களை அப்படி வளைக்கிறது.

இன்னொரு பக்கம், மோசடியும் இருக்கிறது. அதே படத்தைத் திருடி வேறு யுபிஐ எண்ணோடு போடுவது சாதாரணமாகிவிட்டது. தப்பிக்க வழி எளிது: தனிநபர் எண்ணுக்கு அனுப்பாமல், சிகிச்சை பார்க்கும் கிளினிக்கின் கணக்குக்கே நேராகக் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்வது. பதிவுபெற்ற அமைப்பு என்றால் 80ஜி என்று எல்லோருக்கும் பழகிப்போன வரிச்சலுகைச் சான்று தரும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இளம் ஊழியர்களில் பலர் இன்று அந்த முறையில்தான் இருக்கிறார்கள். ஆகவே வரி மிச்சமாகும் என்று சொல்லி இவர்களிடம் நன்கொடை கேட்பதில் பெரிய பலன் இல்லை.

மாதம் 300 ரூபாய், எந்தப் பூனைக்கென்று சொல்லாமல், வருஷம் முழுக்க. ஒரே நாளில் வரும் 10,000 ரூபாயைவிடக் காப்பகத்துக்கு இது பெரிய உதவி. காரணம் மேலே சொன்னதுதான்: ஊசியும் சம்பளமும் மாதாமாதம் வருகிற செலவுகள். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் ஆள் வைக்க முடியும்.

அரசுக்குத் தெரிந்தது நாய்தான்

தெருவிலங்கு என்றால் அரசாங்கத்தின் கணக்கில் அது நாய். 2024-இல் சென்னை மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் நகரின் தெருநாய்கள் சுமார் 1.81 லட்சம் என்று தெரியவந்தது. தெருப்பூனைக்கு அப்படி ஒரு எண் கிடையாது. 2019-இல் நாடு முழுக்க நடந்த கால்நடைக் கணக்கெடுப்பிலும் தெருமாடு, தெருநாய் எண்ணப்பட்டன. 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நாடே விவாதித்ததும் நாய்களைப் பற்றித்தான். கடிக்கிற விலங்குக்குத்தான் பட்ஜெட் வரும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் சட்டப் புத்தகத்தில் பூனை இல்லாமல் இல்லை. 2001-இல் வந்த பழைய விதிகளின் பெயரிலேயே 'நாய்கள்' என்று இருந்தது. 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் பூனைக்கும் இடம் உண்டு. திருத்தப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் கருத்தடை ஒன்றுக்கு நாய் என்றால் 800 ரூபாய், பூனை என்றால் 600 ரூபாய் உதவித்தொகை என்று 2025-இல் அரசு விளக்கியது. சின்னக் காப்பகங்கள் கட்ட 15 லட்சம், பெரியவற்றுக்கு 27 லட்சம் வரையும் உண்டு.

600 ரூபாய் போதுமா? தனியார் கிளினிக்கில் பெண் பூனைக்குக் கருத்தடை செய்ய சில ஆயிரம் ஆகும். மொத்தமாகச் செய்யும் இடத்தில் செலவு குறையும் என்றாலும், பிடிப்பது, மயக்கம், தையல், இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொள்வது, காது நுனியை வெட்டி அடையாளம் வைத்துப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது எல்லாம் 600-க்குள் அடங்காது. மிச்சத்தை யாராவது போட வேண்டும். அந்த 600-ஐ வாங்கவும் விலங்கு நல வாரியத்தின் திட்ட அங்கீகாரச் சான்று வேண்டும். முகாம் நடத்தத் தெரிந்த சின்னக் குழுக்கள் பலவற்றுக்கு இந்தக் காகித வேலை பெரிய மலை.

இன்னொன்று, இந்த உதவி கருத்தடைக்கு மட்டும். அடிபட்ட பூனைக்கோ, காய்ச்சல் வந்த குட்டிக்கோ இதில் காசு கிடையாது. அதற்கென்று தமிழ்நாட்டில் வந்தது 2022-23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் திட்டம், 20 கோடி ரூபாய். ஆதரவற்ற விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்குக் கைகொடுப்பது நோக்கம். நல்ல தொடக்கம். மாநிலம் முழுக்க, எல்லா விலங்குகளுக்கும் சேர்த்து இந்தத் தொகை.

சட்டத்தின் தண்டனைப் பக்கம் சிரிப்பை வரவழைக்கும். வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ப் பட்டினி கிடக்கும்படி விட்டுவருவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தொகை மாறவில்லை. அந்தப் பூனையை எடுத்துக் கருத்தடை செய்து ஊசி போட ஒரு காப்பகத்துக்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டால், கைவிடுவதே மலிவு என்று சட்டம் சொல்வதுபோல் இருக்கிறது.

எண்ணெயும் கன்டெய்னரும்

'பூனை யார் பொறுப்பு?' என்ற கேள்வி வடசென்னையில் ஒருமுறை செய்தியாகவே வந்தது. 2020 பிப்ரவரியில், சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கன்டெய்னர் ஒன்றுக்குள் ஒரு பூனை இருந்தது. கொரோனா பயம் தொடங்கிய நேரம். பூனையைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். சோறு, தண்ணீர் இல்லாமல் அத்தனை நாள் கப்பலில் பூனை தாங்காது, வழியில் வேறு துறைமுகத்திலோ இங்கேயோகூட உள்ளே ஏறியிருக்கலாம் என்று விலங்கு நல அமைப்புகள் வாதாடின. ஏப்ரலில்தான் அது பீட்டா அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தனை அரசு அலுவலகங்கள் கூடிப் பேசி, கடைசியில் சாப்பாடும் வைத்தியமும் பார்க்கும் வேலை ஒரு தொண்டு அமைப்பின் தலையில் வந்து நின்றது. ஊர் உலகமே பார்த்த பூனைக்கே அப்படி என்றால், காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தில் திரியும் பூனைக்கு என்ன நடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பர் இதைவிடக் கொடுமை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து கச்சா எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரம் என்று எல்லாம் கறுத்தது. எண்ணெயில் நனைந்த கூழைக்கடாக்களை மீட்க வனத்துறை இறங்கியது; அது காட்டுயிர், அதற்குத் துறை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். மக்களுக்கு அரசு அறிவித்த நிவாரணம் சுமார் 8.68 கோடி ரூபாய்: 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. மீனவர்கள் இது போதாது என்றார்கள். அது தனிக் கதை, நியாயமான கதை.

அந்தப் பட்டியலில் வீட்டு விலங்குக்கோ தெருவிலங்குக்கோ ஒரு வரி இல்லை. பூனையைப் பொறுத்தவரை எண்ணெய் என்பது தோல் பிரச்சினையோடு முடிவதில்லை. பூனை தன் உடம்பை நாக்கால்தான் சுத்தம் செய்யும். முடியில் ஒட்டியது எல்லாம் வயிற்றுக்குள் போகும், வாந்தி எடுக்கும்போது நுரையீரலுக்கும் போகும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் இன்னும் மோசம். சமையல் எண்ணெய் தடவி இளக்கி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் இதமான தண்ணீரில் அலசி, உடனே டாக்டரிடம் காட்டுவதுதான் முறை. இதை எண்ணூரில் போய்ச் சொல்ல அன்றைக்கு ஒரு கால்நடை முகாம் பக்கத்தில் இருந்திருந்தால், ஆகியிருக்கும் செலவு நிவாரணத் தொகையில் தூசு.

'மனுஷனுக்கே மூச்சு முட்டுது'

இதைக் கேட்கிற எண்ணூர்க்காரர் ஒருவர் கோபப்பட்டால் அதில் தப்பில்லை. எண்ணெய் கசிந்த அதே டிசம்பர் 26-ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஆறு, இருமும் பிள்ளைகள். "இங்க மனுஷனுக்கே ஆஸ்பத்திரி சரியில்ல, பூனைக்கு முகாமா?" என்ற கேள்வியை மேட்டிமைத்தனமான விலங்குப் பாசத்தால் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இரண்டும் ஒரே உண்டியலில் இருந்து எடுக்கிற காசு இல்லை. பூனைக்கு ஆகிற செலவு இப்போதும் எண்ணூரில் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆட்டோ வாடகையாக, விட்ட கூலியாக, தடுப்பூசி போடாத பூனை பிறாண்டியதற்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நாலைந்து முறை அலைகிற அலைச்சலாக. வெறிநாய்க்கடி நோய் பூனை வழியாகவும் வரும் என்பதால் அந்த ஊசியைத் தவிர்க்கவும் முடியாது. ஊசி அங்கே இலவசம். போய்வருகிற நாள் இலவசம் இல்லை. செலவே இல்லை என்றால் வாதம் வேறு. இருக்கிற செலவைத் தாங்குவது யார் என்பதுதான் இங்கே கேள்வி, இன்றைக்குத் தாங்குவது ஊரிலேயே குறைந்த வருமானம் உள்ளவர்கள்.

இதேபோன்ற ஊர் ஒன்றில் நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்தது. லண்டனின் கிழக்குப் பகுதி. துறைமுகத் தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1917-இல் மரியா டிக்கின் என்ற பெண்மணி வைட்சாப்பலில் ஒரு நிலவறையில் ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம், 'மனுஷனுக்கே இல்லாதபோது' என்று அங்கேயும் சொல்லியிருப்பார்கள். கூட்டம் தெருவை அடைத்தது. சில ஆண்டுகளில் குதிரை வண்டியில் மருந்தகத்தை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். பி.டி.எஸ்.ஏ. என்ற அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. இப்போது எல்லோருக்கும் இலவசம் கிடையாது. அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு மட்டும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பார்க்கிறார்கள். முடிந்தவர் கட்டட்டும், முடியாதவருக்கு மற்றவர்கள் கட்டட்டும் என்ற ஏற்பாடு. சென்னையில் காப்பகம் என்றாலே முழு இலவசம் என்று எதிர்பார்க்கிறோம். காரில் வந்து வளர்ப்புப் பூனையை 'தெருவுல கிடைச்சது' என்று விட்டுவிட்டுப் போகிறவருக்கும் அதே இலவசம்.

இரண்டு சதவீதத்தில் ஒரு துளி

எண்ணூரின் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. துறைமுகம், அனல்மின் நிலையங்கள், உரம், எண்ணெய் சுத்திகரிப்பு, லாரி தயாரிப்பு என்று இத்தனை பெரிய நிறுவனங்கள் சூழ்ந்த ஊர் தமிழ்நாட்டில் குறைவு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ, விற்பனையோ, லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாவது அட்டவணையில், சுற்றுச்சூழல் வரியிலேயே 'விலங்கு நலம்' என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறது. அதாவது, பள்ளிக்கூட பெஞ்சுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் போகிற அதே கணக்கில் பூனை முகாமும் சட்டப்படி வரும். யாரும் சலுகை காட்ட வேண்டியதில்லை.

எண்ணூருக்குத் தனிக் காப்பகம் கட்ட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. காப்பகம் திறந்த நாளிலிருந்தே நிரம்பிவிடும், ஊர் முழுக்க உள்ள பூனைக்குட்டிகள் அதன் வாசலில் பெட்டியில் வந்து சேரும். மேலே சொன்ன வைரஸுக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. தேவை வாரத்தில் ஒருநாள், திருவொற்றியூர் மண்டலத்தில் ஒரு மாநகராட்சிக் கட்டடத்தில், ஒரு டாக்டரும் இரண்டு உதவியாளர்களும்.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். வாரம் 10 பூனை, வருஷத்தில் 50 வாரம், மொத்தம் 500 கருத்தடை. பூனை நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், சுமார் ஒன்பது வாரத்தில் ஈனும், வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று என்பதால் 500 என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. பிடிப்பது, ஆபரேஷன், மூன்று நாள் கூண்டு, வெறிநோய் ஊசி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 2,500 ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் 12.5 லட்சம். மத்திய அரசின் 600 ரூபாய் கிடைத்தால் அதில் 3 லட்சம் கழியும். வீட்டில் வளர்ப்பவர்களிடம் முடிந்தால் 300 ரூபாய் என்று வாங்கினால் இன்னும் கொஞ்சம் குறையும். மிச்சம் 9 லட்சம் சொச்சம்.

அந்த 9 லட்சத்துக்கு நிறுவனங்களிடம் போய் நிற்க ஒரு பெயர் வேண்டும், பதிவு வேண்டும், வாரியத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும். நல்ல மனசுள்ள பத்துப் பேரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அது கிடைக்காது. ஏற்கெனவே சான்று வைத்திருக்கும் பழைய அமைப்பு ஒன்றோடு மாநகராட்சி ஒப்பந்தம் போட்டால் கிடைக்கும். நாய்களுக்கு அந்த ஒப்பந்தங்கள் சென்னையில் பல வருஷமாக நடைமுறையில் இருப்பவைதான். அதே ஒப்பந்தப் படிவத்தில் 'பூனை' என்ற சொல்லைச் சேர்ப்பது திருவொற்றியூர் மண்டலக் குழுக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்க வேண்டிய விஷயம்.